முகத்துவாரம் தாண்டியதும் படுத்துவிடுகிற 25 எச்பி இஞ்சின், காபரேட்டர் கழுவியும் சரிவரவில்லை

நாவலடி வள்ளம் எழுதியது:

வணக்கம் எல்லோருக்கும். எங்களிடம் 18 அடி ஃபைபர் போட் ஒன்று இருக்கிறது, மட்டக்களப்பு வாவியிலும் (நாங்கள் ஆறு என்போம்) கரைக்கடலிலும் தூண்டில் போடத்தான் பாவிக்கிறோம். இஞ்சின் பழைய 25 எச்பி, டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், ஒரு காபரேட்டர். ஒயில் கலந்த பெற்றோலில் ஓடுவது, மண்ணெண்ணெய் மொடல் இல்லை. பெரியப்பா யாரிடமோ வாங்கியது, எந்த வருடத்து இஞ்சின் என்று அவருக்கும் தெரியாது, தகட்டில் எழுத்துத் தேய்ந்துவிட்டது.

மாரியில் கடல் ஏறியதும் போட்டைக் கரையில் இழுத்துப் போட்டு, இஞ்சினைக் கழற்றி வீட்டுக்குள் வைத்திருந்தோம். கடல் இறங்கிய பிறகு மறுபடி பூட்டினோம். ஸ்டார்ட் நல்லாக இருக்கிறது, ஒன்றிரண்டு இழுவையில் பிடிக்கும். ஆற்றுக்குள் மெதுவாக ஓடும்வரை ஒரு குறையும் இல்லை. முகத்துவாரம் தாண்டி, வெளிச்சவீடு பின்னுக்குப் போனதும் முழு வேகம் வைத்தால் கொஞ்ச நேரம் நல்லாகப் போகும், மறுகா மெல்ல மெல்லச் சத்தம் இறங்கும், ஒருதரம் எழும்பும், ஒருதரம் விழும், கடைசியில் நின்றுவிடும். பெற்றோல் குழாயின் நடுவில் இருக்கிற கைப்பம்பை நாலைந்து தரம் அமத்தினால் திரும்பவும் பிடிக்கும், ஆனால் வேகம் கூட்டினால் பழைய கதைதான். வேகத்தைப் பாதிக்குக் குறைத்தால் கரை வந்து சேரலாம்.

ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். காபரேட்டரைக் கழற்றிக் கழுவினார், பிளக் இரண்டும் புதிதாகப் போட்டார், காசும் வாங்கினார், வருத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. இப்போது இன்னொருவர் காபரேட்டரையே மாற்றச் சொல்கிறார். அதற்கு முன் இங்கே கேட்டுப் பார்ப்போம் என்று எழுதுகிறேன். கச்சான் காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காலம், நடுவில் நின்றுபோனால் காற்று போட்டை வெளியேதான் தள்ளும், அந்தப் பயம் வேறு.


கல்முனைக் காக்கா எழுதியது:

தம்பி, காபரேட்டரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள், புதிதாக வாங்குவதையும்தான். கைப்பம்பை அமத்தினால் இஞ்சின் திரும்ப எழும்புகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பாதி விடை அதில் இருக்கிறது. காபரேட்டருக்குள் பெற்றோல் அளவாகப் போகிற பெரிய ஜெட் அடைத்திருந்தால் பம்பை எவ்வளவு அமத்தினாலும் அந்த ஓட்டைக்குள்ளால் பெரிதாக ஒன்றும் கூடப் போகாது. அப்படியென்றால் காபரேட்டர் கிண்ணத்துக்கே எண்ணெய் (பெற்றோலைத்தான் சொல்கிறேன்) போதுமான அளவு வந்து சேரவில்லை. மெதுவாக ஓடும்போது இஞ்சின் குடிப்பது கொஞ்சம்தான், ஆனால் 25 எச்பி டூ ஸ்ட்ரோக் முழு வேகத்தில் மணிக்கு ஏறத்தாழ 10 லீற்றர் கேட்கும். ஆற்றுக்குள் குறை தெரியாததும், கடலில் வேகம் வைத்த பிறகு கிண்ணத்தில் இருந்தது தீர்ந்ததும் படுப்பதும் இதனால்தான்.

இனிக் கைப்பம்பிடம்தான் கேட்க வேண்டும். வேகம் இறங்கத் தொடங்குகிற அந்த நேரத்தில் ஒருவர் பம்பைக் கையில் பிடித்துப் பார்க்கட்டும். அமத்த வேண்டாம், சும்மா பிடித்தால் போதும். சப்பி, இரண்டு பக்கமும் ஒட்டிக் கிடந்தால் பம்புக்கு முன்னால், டேங்க் பக்கம் எங்கோ அடைப்பு இருக்கிறது. இஞ்சின் உறிஞ்சுகிறது, வருவதற்கு வழி இல்லை. அப்போது டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகு, டேங்குக்குள் இறங்குகிற உறிஞ்சு குழாயின் நுனியில் உள்ள வலை, டேங்கில் இருந்து வருகிற ரப்பர் குழாய் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பழைய ரப்பர் குழாயை வெளியே பார்த்து நல்லது கெட்டது சொல்லவே முடியாது. உள்ளே இருக்கிற மெல்லிய பட்டை உரிந்து, மெதுவாக இழுக்கும்போது திறந்தும் பலமாக இழுக்கும்போது கதவு மாதிரி மூடியும் நிற்கும், ஊதிப் பார்த்தால் காற்று நல்லாகப் போகும், ஆட்களை ஏமாற்றுவதில் இதற்கு மிஞ்சிய சாமான் போட்டில் வேறு இல்லை.

பம்பு விறைத்து நின்றால் எண்ணெய் அது வரைக்கும் வந்துவிட்டது, அதற்கு மேலே தேடுங்கள். ஃபில்டர், இஞ்சின் பக்கவாட்டில் பூட்டியிருக்கிற சின்ன எண்ணெய்ப் பம்பு, காபரேட்டரின் ஊசி வால்வு. இரண்டும் இல்லாமல் தொளதொளவென்று, எவ்வளவு அமத்தினாலும் இறுகாமல் இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது கைப்பம்புக்குள் இருக்கிற வால்வு செத்துப்போயிற்று. அமத்தும்போது பம்பின் அம்புக்குறி இஞ்சின் பக்கம் பார்க்க, பம்பை நிமிர்த்திப் பிடித்து அமத்துங்கள், படுக்க வைத்து அமத்தினால் சில பம்பு இறுகாது, அதை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

இன்னொன்று. இந்தச் சோதனையைக் கடலில் செய்யாதீர்கள். 56 கிலோமீற்றர் நீளமான வாவி இருக்கும்போது முகத்துவாரத்து அலைக்குள் போய் இஞ்சினைப் பரிசோதிக்க வேண்டிய தேவை இல்லை. கல்லடிப் பாலத்துக்குத் தெற்கே வலை இல்லாத இடமாகப் பார்த்து நீளமாக ஓட்டுங்கள்.


மகிழூர் எழுதியது:

முதலில் டேங்க் மூடியின் காற்றுத் திருகு. திறந்திருக்கிறது என்று நினைப்போம், உள்ளே உப்பும் மணலும் இறுகி அடைத்திருக்கும். இஞ்சின் படுக்கும்போது மூடியை ஒரு சுற்றுத் தளர்த்துங்கள். உஸ் என்று காற்று உள்ளே போய் இஞ்சின் எழும்பினால் அதோடு வேலை முடிந்தது, செலவு சதமும் இல்லை.


பாசிக்குடா டைவ் எழுதியது:

எல்லோரும் எண்ணெயிலேயே நிற்கிறீர்கள். எனக்கு இது பிளக்குக்குப் பொறி கொடுக்கிற கொயில் சூடேறுகிற வேலை மாதிரித் தெரிகிறது. நாங்கள் 1942 ஏப்ரலில் மூழ்கிய ஹேர்மிஸ் கப்பல் கிடக்கிற இடத்துக்கு டைவிங் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள், பழைய இஞ்சின்களோடு நிறைய மல்லுக்கட்டியிருக்கிறோம். ஒரு இஞ்சின் இப்படித்தான் சூடேறும் வரைக்கும் நல்லாக ஓடும், பிறகு நிற்கும், ஆறவிட்டால் திரும்பப் பிடிக்கும். குழாய், பம்பு எல்லாம் மாற்றிக் கடைசியில் பார்த்தால் பொறியை நேரத்துக்கு விடுகிற சிடிஐ பெட்டி. கைப்பம்பை அமத்துகிற நேரத்துக்குள் இஞ்சின் கொஞ்சம் ஆறிவிடும், அதனால் பிடிக்கும், நாம் பம்பு செய்த வேலை என்று நினைத்துக்கொள்வோம்.

இஞ்சினைக் குளிராக்கிய தண்ணி துப்புகிற துளையையும் பாருங்கள். ஆற்றுக்குள் ஓடும் போட்டில் சல்லுப் பாசியும் ஆற்றுவாழை வேரும் ஏறி அடைத்தால் இஞ்சின் கொதித்தும் இப்படி இழுபடும்.


கல்முனைக் காக்கா எழுதியது:

டைவ் தம்பி சொல்வது நியாயமான சந்தேகம், ஆனால் நாவலடித் தம்பி எழுதியதைத் திரும்ப வாசியுங்கள். மெல்ல மெல்ல இறங்குகிறது, ஒருதரம் எழும்புகிறது, ஒருதரம் விழுகிறது என்கிறார். கொயிலோ சிடிஐயோ போனால் பெரும்பாலும் சட்டென்று வெட்டும், இல்லாவிட்டால் ஒரு சிலிண்டர் விட்டு இழுக்கும். ஏறி இறங்கித் தள்ளாடிச் சாவது எண்ணெய்ப் பஞ்சத்தின் குணம். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. இஞ்சின் நிற்பதற்கு முன்னால், வேகம் இறங்கத் தொடங்கும்போதே, ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் பம்பை அமத்துங்கள். நிற்கவும் இல்லை, ஆறவும் இல்லை, அப்படி அமத்தி வேகம் எழும்பினால் அது எண்ணெய்தான், கொயிலைக் குறை சொல்ல இடமில்லை. அமத்தியும் அசையாவிட்டால் நான் டைவ் தம்பியின் பக்கம் வருகிறேன்.

தண்ணி துப்புகிற துளை பற்றிச் சொன்னது சரி. அது எந்த வருத்தத்துக்கும் முதலில் பார்க்க வேண்டியது.


வாழைச்சேனைத் துறை எழுதியது:

கேட்டவர் பெற்றோல் இஞ்சின் என்கிறார், இருந்தாலும் இதை வாசிக்கிற பாதிப் பேர் மண்ணெண்ணெய்க்காரர்கள்தான் என்பதால் எழுதி வைக்கிறேன். மண்ணெண்ணெய் இஞ்சினில் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம் அல்லவா, அந்த மாற்றுகிற வால்வு தேய்ந்துபோனால் பெற்றோல் பக்கம் முழுதாக மூடாது. சின்னப் பெற்றோல் கேன் வெறுமையாகக் கிடந்தால் இஞ்சின் அந்தப் பக்கத்தால் காற்றை உறிஞ்சும். அறிகுறி இவர் சொல்வதேதான், மெதுவாக ஓடும், வேகத்தில் படுக்கும். பெற்றோல் கேனில் கொஞ்சம் ஊற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள், வருத்தம் மறைந்து பெற்றோலும் தன்பாட்டில் குறைந்தால் வால்வுதான் கள்ளன்.

அடுத்தது தண்ணீர். 2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாய்க்கு ஒரேயடியாக ஏறியதில் இருந்து கிடைக்கிற இடத்தில், கிடைக்கிற கேனில் வாங்குகிற பழக்கம் வந்துவிட்டது. எந்தக் கேனில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? டேங்கின் அடியில் இருப்பதைக் கொஞ்சம் கண்ணாடிப் போத்தலில் எடுத்து ஒரு இரவு அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் கோடு போட்டுப் பிரிந்து நிற்கும், பெற்றோல் என்றாலும் அப்படித்தான். தண்ணீர் ஏறினால் காபரேட்டர் கிண்ணத்தின் அடியில்தான் போய்த் தங்கும், பெரிய ஜெட்டும் அங்கேதான் இருக்கிறது.

பெற்றோல் இஞ்சினுக்குச் செலவு குறையும் என்று மண்ணெண்ணெய் ஊற்றுகிறவர்களையும் துறையில் காண்கிறேன். மண்ணெண்ணெய் மொடலுக்கு அமுக்கம் குறைவாக, ஜெட் வேறாகச் செய்திருக்கிறார்கள். பெற்றோல் இஞ்சினில் அப்படி ஊற்றினால் முதலில் உள்ளே தட்டுகிற மாதிரிச் சத்தம் போடும், பிறகு பிஸ்டன் போகும்.


நாவலடி வள்ளம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி ஆற்றுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தோம், மச்சான் பம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தான். தண்ணி நல்லாகத் துப்புகிறது. ஓடும்போதே அமத்தினால் வேகம் உடனே எழும்புகிறது, ஆகவே கொயில் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன், டைவ் அண்ணன் கோபிக்க வேண்டாம். டேங்க் மூடியை முழுதாகத் தளர்த்தியும் ஓட்டினோம், மாற்றம் இல்லை. போத்தலில் எடுத்து வைத்ததில் தண்ணீரும் இல்லை.

பம்பு சப்பவில்லை. விறைக்கவும் இல்லை. தொளதொளவென்று கிடக்கிறது, கரையில் வைத்து அமத்தினால்கூட இறுகுவதற்கு நிறைய நேரம் எடுக்கிறது. காற்று இழுக்கிறது என்று நினைத்து, மேசன்மார் மட்டம் பார்க்கிற, கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயில் ஒரு துண்டு வெட்டி, பம்புக்கும் இஞ்சினுக்கும் இடையில் பூட்டிப் பார்த்தேன். ஓடும்போது குமிழி வரிசையாக வருகிறது, வேகம் கூட்டினால் குமிழியும் கூடுகிறது. சரி, ஓட்டையைப் பிடிப்போம் என்று பம்பை அமத்தி இறுக்கி, பம்பில் இருந்து இஞ்சின் வரைக்கும், டேங்கில் இருந்து பம்பு வரைக்கும் எல்லா மூட்டிலும் சவர்க்காரத் தண்ணி தடவினேன். ஒரு இடத்திலும் நுரைக்கவில்லை. ஒரு சொட்டு எண்ணெய்கூட எங்கும் கசியவில்லை. இனி எங்கே தேடுவது?


கல்முனைக் காக்கா எழுதியது:

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். காசு வாங்கிய மெக்கானிக் இதில் பாதியாவது செய்திருக்கலாம்.

சவர்க்காரத் தண்ணியில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கைப்பம்பை அமத்தும்போது அமுக்கம் ஏறுவது பம்பில் இருந்து இஞ்சின் வரைக்கும் மட்டும்தான். டேங்க் பக்கம் உள்ள வால்வு மூடிக்கொள்ளும், அதனால் டேங்கில் இருந்து பம்பு வரைக்கும் உள்ள குழாயில் அமுக்கமே இல்லை, அங்கே எத்தனை ஓட்டை இருந்தாலும் நுரைக்காது. ஓடும்போது அந்தப் பகுதியில் இருப்பது உறிஞ்சல். உள்ளுக்குக் காற்றுப் போகும், வெளியே எண்ணெய் வராது. கசிவு இல்லை என்று சொல்லி ஆட்கள் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

பம்புக்கு அப்பால் நுரைக்கவில்லை, அமுக்கி இறுக்கியதும் அப்படியே நின்றதா? நின்றிருந்தால் அந்தப் பக்கத்தை விட்டுவிடலாம், இஞ்சினில் செருகுகிற கொனெக்டரின் ஓ ரிங்கை (ரப்பர் வளையத்தை) மட்டும் கழற்றிப் பாருங்கள், காய்ந்து வெடித்திருந்தால் மாற்றுங்கள், பெரிய விலை இல்லை. இப்போது அந்தக் கண்ணாடிக் குழாயைக் கழற்றிப் பம்புக்கும் டேங்குக்கும் இடையில் பூட்டுங்கள். அங்கேயும் குமிழி வந்தால் காற்று ஏறுவது டேங்க் பக்கம். குழாயைச் சோதனைக்கு மட்டும் பாவியுங்கள், பெற்றோலில் அது விறைத்து வெடித்துவிடும், விட்டுவிட்டுக் கடலுக்குப் போகாதீர்கள்.

அதோடு ஒரு கேள்வி. டேங்க் நிறைய இருக்கும்போதும் படுக்கிறதா, இல்லை பாதிக்குக் கீழே இறங்கிய பிறகா? ஞாபகப்படுத்திச் சொல்லுங்கள்.


மகிழூர் எழுதியது:

இவ்வளவு கஷ்டப்படத் தேவையில்லை. பக்கத்துப் போட்காரரிடம் டேங்க், குழாய், பம்பு மூன்றையும் சேர்த்து ஒருநாள் இரவல் வாங்குங்கள், கொனெக்டர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அதில் நல்லாக ஓடினால் இஞ்சினில் கை வைக்கத் தேவையில்லை. அதிலும் படுத்தால் உங்கள் டேங்கும் குழாயும் சுத்தவாளி.


நாவலடி வள்ளம் எழுதியது:

காக்கா, அந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருந்திருக்கிறது. டேங்கை நிறைத்துக்கொண்டு போகிற நாளில் போகும்போது வராது, திரும்பும்போதுதான் வரும். பெரும்பாலும் பாதி அளவு எண்ணெயோடுதான் போவோம், அதனால் எப்போதும் வருகிற மாதிரி இருந்தது.

கண்ணாடிக் குழாயை டேங்க் பக்கம் பூட்டியதும் குமிழி கொட்டுகிறது. உறிஞ்சு குழாயை டேங்கில் இருந்து கழற்றிப் பார்த்தோம். பிளாஸ்டிக் குழாய், மேலே முழங்கையாக வளைகிற இடத்துக்கு இரண்டு விரல் கீழே மயிரிழை வெடிப்பு. சும்மா பார்த்தால் தெரியாது, கொஞ்சம் வளைத்தால் வாய் திறக்கிறது. எண்ணெய் மட்டம் வெடிப்புக்கு மேலே இருந்தால் எண்ணெய் வரும், கீழே இறங்கினால் காற்று வரும், அவ்வளவுதான்.

மகிழூர் அண்ணன் சொன்னபடி பக்கத்து வீட்டு டேங்கையும் பூட்டி ஓட்டினோம். நின்றுபோவது இல்லை. ஆனால் முழு வேகத்தில் ஒரு சின்னத் தள்ளாட்டம் இன்னும் இருக்கிறது, முன்பு மாதிரி இல்லை, பத்தில் ஒரு பங்கு. அதோடு இரண்டு கேள்வி: வெடிப்பை ஒட்டலாமா? மற்றது, மேல் சிலிண்டர் பிளக் வெள்ளையாகவும் கீழ்ச் சிலிண்டர் பிளக் ஈரமாகக் கறுப்பாகவும் இருக்கிறது, இது என்ன?


திருக்கோவில் இஞ்சின் வேலை எழுதியது:

ஒட்ட வேண்டாம். பெற்றோலில் நிற்கிற பசை என்று விற்பதெல்லாம் கொஞ்ச நாளில் இளகும், இளகிய துண்டு வலையில் போய் அடைக்கும். உறிஞ்சு குழாய் தனியாக வாங்கலாம், கிடைக்காவிட்டால் அதே தடிப்பில் பித்தளைக் குழாய் போடலாம், ஆனால் நுனி டேங்கின் அடியைத் தொடாமல் கொஞ்சம் உயரத்தில் நிற்க வேண்டும், வலையும் இருக்க வேண்டும்.

பிளக் பற்றி எழுதியதுதான் முக்கியம், நல்ல வேளை கழற்றிப் பார்த்தீர்கள். இஞ்சினில் பூட்டியிருக்கிற எண்ணெய்ப் பம்புக்கு மோட்டரோ பெல்ட்டோ கிடையாது. பிஸ்டன் ஏறி இறங்கும்போது கிராங்க் அறைக்குள் அமுக்கம் கூடிக் குறைகிறது, அந்தத் துடிப்பு ஒரு சின்னத் துளைவழியாக வந்து பம்புக்குள் இருக்கிற மெல்லிய டயப்ரத்தை முன்னும் பின்னும் ஆட்டுகிறது, அதுதான் எண்ணெயை இழுத்துக் காபரேட்டருக்குத் தள்ளுகிறது. இரண்டு சிலிண்டர் இஞ்சினில் அந்தத் துளை பெரும்பாலும் ஒரு சிலிண்டரின் அறையில் இருந்துதான் வரும். டயப்ரத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் போதும், பெற்றோல் அந்தத் துளைவழியாக நேரே அந்த அறைக்குள் ஒழுகும். அந்தச் சிலிண்டர் பிளக் ஈரம், புகை கூட, இழுவை குறைவு, வேகத்தில் பம்புக்குத் தள்ளுகிற பலமும் இல்லை. உங்கள் மிச்சத் தள்ளாட்டம் அநேகமாக இதுதான். துளை எந்தச் சிலிண்டர் பக்கம் இறங்குகிறது என்று பாருங்கள், ஈரமான பிளக்கோடு பொருந்தினால் சந்தேகமே இல்லை.

பம்பு கிட் என்று டயப்ரம், கேஸ்கட், வால்வு சேர்த்து விற்கிறார்கள். கழற்றும்போது எந்தத் தட்டு எந்தப் பக்கம் என்று போனில் படம் எடுத்துக்கொண்டு கழற்றுங்கள். டயப்ரமும் கேஸ்கட்டும் இடம் மாறினால் புதுப் பம்பும் வேலை செய்யாது, நம் ஆட்கள் அதிகமாகச் சறுக்குவது இதில்தான். பழைய டயப்ரத்தை வெளிச்சத்துக்குப் பிடித்தால் ஓட்டை தெரியும், ஓட்டை இல்லாவிட்டாலும் விறைத்துச் சுருங்கியிருந்தால் மாற்றுங்கள். வால்வை வாயால் ஊதிப் பார்க்கிறவர்கள் பெற்றோலை நல்லாகத் துடைத்துவிட்டு ஊதுங்கள், ஒரு பக்கம் போக வேண்டும், மற்றப் பக்கம் போகக் கூடாது.

வெள்ளைப் பிளக்தான் எனக்குப் பயம். டூ ஸ்ட்ரோக்கில் ஒயிலும் பெற்றோலோடு சேர்ந்துதான் உள்ளே போகிறது. பெற்றோல் குறைந்தால் ஒயிலும் குறைகிறது, சூடு கூடுகிறது, பிஸ்டன் சுவரைக் கீறிப் பிடித்துக்கொள்ளும். கைப்பம்பை அமத்தி அமத்திக் கரைக்கு ஓட்டிக்கொண்டு வருவதை ஆட்கள் கெட்டித்தனமாகச் சொல்வார்கள், அந்த ஓட்டத்தில்தான் பிஸ்டன் சாகிறது. நீங்கள் வேகத்தைக் குறைத்து வந்தீர்கள், அது நல்லது. பம்பு மாற்றுவதற்கு முன் இரண்டு சிலிண்டரினதும் அமுக்கத்தை மீற்றர் வைத்துப் பாருங்கள், எண்ணைவிட இரண்டும் பக்கத்துப் பக்கமாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். மேலது நிறையக் குறைந்திருந்தால் ஹெட்டைக் கழற்றாமல் மேலே எதுவும் செய்ய வேண்டாம்.

ஜெட் துப்பரவு செய்ய யாராவது இரும்புக் கம்பி எடுத்தால் கையைப் பிடியுங்கள். ஓட்டை ஒரு மயிரளவு பெருத்தாலும் அளவு கெட்டுப்போகும். தங்கூசித் துண்டு (தூண்டில் நைலோன்) ஒன்றும் காற்றும் போதும், தங்கூசி உங்களிடம் இல்லாமலா இருக்கும்.


நாவலடி வள்ளம் எழுதியது:

துளை கீழ்ச் சிலிண்டர் பக்கம்தான் இறங்குகிறது. டயப்ரம் விறைத்து, ஓரத்தில் ஒரு கிழிசல், வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிந்தது. அமுக்கம் இரண்டும் கிட்டத்தட்டச் சமம் என்று மீற்றர் வைத்திருந்த அண்ணன் சொன்னார், பெரியப்பா அதைக் கேட்ட பிறகுதான் சாப்பிட்டார். கிட் போட்டு, புது உறிஞ்சு குழாய், ஓ ரிங் இரண்டும் மாற்றியாயிற்று. கைப்பம்பையும் மாற்றினேன், பழையது தொய்ந்துபோய் நம்பிக்கை இல்லை. ஆற்றுக்குள் முழு வேகத்தில் மண்டூர்ப் பக்கம் போய்த் திரும்பினோம், டேங்க் அடியைத் தொடுகிற அளவுக்கு எண்ணெய் இறங்கும் வரைக்கும் ஒரு சொட்டுத் தள்ளாட்டம் இல்லை. இப்போது பம்பு கையில் விறைத்து நிற்கிறது.

கடைசியாக ஒன்று. மாரிக்கு முன் கலந்து வைத்த பெற்றோல் கேனில் அரைவாசி கிடக்கிறது, அதைப் பாவிக்கலாமா? ஒயில் லீற்றருக்கு 20 மில்லி கணக்கில் கலந்தது.


கல்முனைக் காக்கா எழுதியது:

லீற்றருக்கு 20 மில்லி என்றால் 50க்கு 1, பெரும்பாலான பெற்றோல் இஞ்சினுக்குச் சரி, ஆனால் தகடு தேய்ந்த பழைய இஞ்சின் என்பதால் உங்கள் மொடலுக்கு என்ன கணக்கு என்று திருக்கோவில் தம்பியிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பழைய சிலதுக்கு ஒயில் கூட வேண்டும்.

கேனில் கிடப்பதை மணந்து பாருங்கள். பெயின்ட் மாதிரிப் புளித்த மணம் வந்தால், நிறமும் கறுத்திருந்தால், இஞ்சினுக்கு ஊற்ற வேண்டாம், இஞ்சின் சாமான் கழுவ வைத்துக்கொள்ளுங்கள், ஆற்றில் மட்டும் ஊற்றாதீர்கள். அடுத்த மாரிக்கு இஞ்சினைக் கழற்றும்போது குழாயைப் பிடுங்கிவிட்டு, பீப்பாய்த் தண்ணியில் இஞ்சினை வைத்து ஓடவிடுங்கள், கிண்ணத்தில் இருப்பது தீர்ந்து தானாக நிற்கட்டும். சும்மா ஓடவிட்டால் போதும், வேகம் கூட்ட வேண்டாம். அதற்குப் பிறகும் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி மிச்சத்தை வடியவிட்டுத்தான் வீட்டுக்குள் வைக்க வேண்டும்.


பாசிக்குடா டைவ் எழுதியது:

கோபம் ஒன்றும் இல்லை தம்பி. அந்த 25 எச்பிக்கு வாங்கிய பம்பு கிட் ஒரிஜினலா, வேறு கொம்பனியா? மட்டக்களப்பில் கிடைத்ததா, கொழும்பில் இருந்து எடுத்ததா? எங்கள் பழைய இஞ்சின் ஒன்றுக்கும் வேண்டும்.


நாவலடி வள்ளம் எழுதியது:

ஒரிஜினல் கிடைக்கவில்லை அண்ணன், வேறு கொம்பனி கிட்தான் கிடைத்தது. டயப்ரம் பழையதை மேலே வைத்துத் துளை துளையாக ஒத்துப் பார்த்துத்தான் வாங்கினேன். ஒரு கேஸ்கட்டில் ஒரு துளை இல்லை, வெட்டித்தான் போட்டேன், நீங்களும் பழையதைக் கையில் கொண்டுபோங்கள்.